தொண்ணூற்று மூன்றாவது படத்தில் ஒரு பொட்டு

அன்பு மகள் ஷாமினிக்கு அம்மா எழுதுவது. ஈப்போவில் நானும் உன் அப்பாவும் நாலு பேரோடு சண்டை பிடிக்கிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், மெல்பர்னில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கத்து.

நீ முடிக்காமல் விட்டுப்போன பொம்மைப் படத்தின் கடைசிக் காட்சியை நாங்களே எடுக்கப் பின்னறையை நீ சொன்னபடியே மாற்றிவிட்டோம். சன்னலைக் கறுப்புக் குப்பைப் பையால் அடைத்தாயிற்று. மேசை ஆடக்கூடாது என்றாய், நாலு காலுக்கும் அரிசி மூட்டை முட்டுக்கொடுத்திருக்கிறது. கேமரா முக்காலி நிற்கும் இடத்தைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டி, அதைத் தாண்டினால் கொன்றுவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். பொம்மையின் பாதத்தை மேசைக்கு அடியிலிருந்து திருகாணியால் இறுக்க அவர் போட்ட ஓட்டைகளைப் பார்த்தால், இந்த மனுஷன் இத்தனை வருஷம் ஏர்கோன் பழுதுபார்த்தது வீண் போகவில்லை என்று தெரியும். ஐஸ்பெட்டி ஓட ஆரம்பித்தால் விளக்கு ஒரு கணம் மங்கிப் படத்தில் துடிக்கிறது, ஆகவே வேலை நேரத்தில் அதை நிறுத்திவிடுகிறோம், ஒரு ஞாயிறு திரும்பப் போட மறந்து கோழி நாறிப்போனது. காற்றாடி போட்டால் பொம்மையின் சேலை ஆடுகிறது. வேர்த்து ஊற்ற ஊற்ற, பொம்மையின் கையைக் கொஞ்சம் நகர்த்து, விலகி வா, பொத்தானை அழுத்து, மறுபடி நகர்த்து. பன்னிரண்டு படம் எடுத்தால் ஒரு வினாடி. நான் வேலை செய்யும் கையுறை ஆலையில் நிமிஷத்துக்கு இத்தனை ஜோடி என்று முதுகுக்குப் பின்னால் நின்று விரட்டுகிறார்கள், இங்கே நாள் முழுக்க உழைத்தால் மூன்று வினாடி, ஏன் என்று கேட்க ஆள் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பாரிட் புந்தாரிலிருந்து வந்த உன் அத்தை ராமலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, "மகள அவ்ளோ படிக்க வெச்சிட்டு நீங்க பொம்ம வெச்சு விளையாடுறீங்களா அண்ணி?" என்றாள். "உன் மகன் ஆபீஸ்ல நாக்காலி வெச்சு விளையாடுறான்லா, நான் ஏதாச்சும் கேட்டேனா?" என்றேன். தேநீரைக் குடிக்காமலேயே போய்விட்டாள்.

இனி விஷயம். ரப்பர் தோட்டத்தை விற்று ஆட்களை வெளியேற்றும் நாளில், தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் அந்தப் பால்மரம் வெட்டும் பெண் மூட்டையைத் தூக்கக் குனிகிறாள் அல்லவா, அதுவரை தொண்ணூற்று இரண்டு படம் நன்றாக வந்தது. மறுநாள் ஆயுத பூஜை. எனக்குக் காலை ஷிப்ட். அப்பா வீட்டில் தனியாக இருந்து கார், மோட்டார், டிரில், சோறாக்கும் சட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், பின்னறைக்கும் போய் லேப்டாப், கேமரா, விளக்கு, பொம்மையின் இடுப்பில் இருக்கும் குட்டிக் கத்தி என்று ஒன்றையும் விடாமல் வைத்து, கடைசியில் பொம்மையின் நெற்றியிலும் வைத்திருக்கிறார். நான் வந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "அவளும் வேலைக்காரிதானே புனிதா, கத்திக்கு வெச்சிட்டு அவள மட்டும் எப்படி விடுறது?" என்றார். துடைத்தேன், சோப்பு போட்டேன், எண்ணெய் போட்டேன், சந்தனம் போனது, குங்குமம் ஸ்பாஞ்சு முகத்தில் ஊறிவிட்டது. மாற்றுத் தலை கிடையாது. குறும்படப் போட்டிக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாளோ இந்த மாதம் முப்பத்தொன்று. முதலிலிருந்து எடுக்க நாள் போதாது. மகள் ஒரு வருஷம் உழைத்ததை ஒரு விரலால் கெடுத்துவிட்டேன் என்று அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

நல்ல வேளை, அந்தப் பொம்மைப் பெண் தலை கவிழ்ந்து இருந்தாள், நெற்றி கேமராவுக்குத் தெரியாது. உன் திட்டப்படி அவள் மூட்டையோடு நிமிர்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதபடி லாரி ஏற வேண்டும். ஷாமினி, அந்தப் பகுதியை நீ எழுதியபோதே எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லாமல் விட்டது என் தப்பு. சுங்காய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்களை லாரியில் ஏற்றியபோது எனக்குப் பதினாறு வயது. பக்கத்து வீட்டுப் பாப்பா அக்கா கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி பட்டுச்சேலை கட்டி, பெரிதாகப் பொட்டு வைத்து ஏறினாள். "அழுவுறத அந்தத் தொரைக்குக் காட்டுவேனா? போய் எவன் மூஞ்சியில முழிக்கிறதா இருந்தாலும் நல்லா போலாம்" என்றாள். லாரி கிளம்பியதும் மேனேஜரின் வம்சத்தையே திட்டினாள், நாங்கள் எல்லாரும் சிரித்தோம். இப்போது அங்கே வேலி போட்ட வீடுகள் விற்கிறார்கள், வாசல் பலகையில் அழகுக்கு ரப்பர் இலைப் படம். பால்மரம் வெட்டியவர்களுக்கு அங்கே ஒரு கழிப்பறை அளவு இடம்கூடக் கொடுக்கவில்லை. எங்களுக்காக அழுகிற படங்கள் போதும்.

ஆகவே நானே மாற்றிவிட்டேன். குனிந்தவள் மூட்டையை விட்டுவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள், அதில் முடிந்து வைத்த குங்குமத்தை விரலால் தொடுகிறாள், கை நெற்றிக்குப் போகிறது, நிமிரும்போது பொட்டு இருக்கிறது. பிறகுதான் மூட்டையைத் தூக்கி, நேராகப் பார்த்தபடி லாரி ஏறுகிறாள். இரண்டு ஞாயிறும் ஒரு மருத்துவ விடுப்பும் பிடித்தன, அந்த விடுப்பு பொய்தான். ஓட்டிப் பார்த்தபோது அப்பா "இன்னொரு தடவ போடு" என்றார், பிறகு இன்னொரு தடவை.

படம் உன்னுடையது, முடிவும் உன்னுடையது. வேண்டாம் என்றால் வெட்டிவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தொண்ணூற்று இரண்டோடு நிறுத்தினால் அவள் குனிந்தபடியே நின்றுவிடுவாள். அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

குளிருக்குச் சாக்ஸ் போடு, ரொட்டியை மட்டும் தின்று வயிற்றைக் காயப்போடாதே. முப்பத்தொன்று என்பது எந்த ஊர்க் கடிகாரப்படி என்று இன்றே விசாரித்து வை. நீ நினைத்ததெல்லாம் கைகூடட்டும், நிமிர்ந்து நட.

அன்புடன்,
உன் அம்மா புனிதா
(அப்பா தர்மா பக்கத்தில்தான் இருக்கிறார். தன் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்கிறார்.)