அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன்

இல்லை அப்பா, வேலை போன வாரமே முடிந்துவிட்டது. மடத்து நூலகத்தின் கடைசிப் புத்தகத்தையும் கணினியில் பதிந்துவிட்டேன். வணக்கம் சொல்லாமலே ஆரம்பித்துவிட்டேன், மன்னியுங்கள். கண் எப்படி இருக்கிறது? உங்களுக்காக எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன்.

நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். மடத்து வேலைக்கு வந்தவர்கள் பெரிய சாமி கையால் பழம் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அவர் என்னிடம், "எப்பம்மா ஊருக்கு?" என்று கேட்டார். மரியாதைக்காக, "அவசரமில்ல சாமி" என்றேன். மறுநாளே இருபத்தொரு நாள் மௌனத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இங்கிருந்து வெளியே போக மடத்து ஜீப்தான் உண்டு. "பழம் வாங்காதவங்கள ஏத்தினா என் வேலை போயிடும்மா" என்கிறார் டிரைவர். நான் தங்கியிருக்கும் வீட்டு அக்காவோ, "நீதானே அவசரமில்லன்ன? இன்னொரு கரண்டி சோறு வைக்கவா?" என்கிறாள்.

என் ஜன்னலுக்கு எதிரே மடத்துச் சுவர். கை நீட்டினால் தொடலாம். தினமும் தொட்டுப் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு மாடிவீட்டு மாமாவைக் கூட்டிப் போங்கள். நான் வந்தால்தான் படுப்பேன் என்று டாக்டரிடம் அடம்பிடிக்காதீர்கள். கட்டுப் பிரித்ததும் உங்கள் கையால் நாலு வரி எழுதுங்கள், திட்டி எழுதினாலும் சரி. படித்து முடித்த செய்தித்தாள் ஒன்றும் அனுப்புங்கள்.

கடிதத்தை எடுத்துப் போகும் பால்காரர் வாசலில் மணி அடிக்கிறார். அவர் சைக்கிள் கேரியரில் கேன்கள் இருக்கின்றன, இல்லாவிட்டால் நானும் ஏறியிருப்பேன்.

மூன்று நாளாகக் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, துண்டை மட்டும் எடுத்துக் கொடியில் போட்டுவிட்டேன்.