பம்ப் அறையில் அறுந்த பேச்சு

மார்ச் 3

என் செல்ல மகளுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் அவ்வப்போது முரண்டு பிடிக்கிறது. இரண்டு மாதமாக நீ என் போனை எடுப்பதே இல்லை. மாப்பிள்ளையும் எடுப்பதில்லை. அதனால் உன் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். அப்படி என்னம்மா கோபம்? திட்டுவதென்றாலும் எழுதித் திட்டு, படித்துக்கொள்கிறேன்.

அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒன்றும் தெரியாதது போல் கேட்கிறீர்களே. ஜனவரியில் நீங்கள் வேலையில் இருந்தபோது கூப்பிட்டு, “அவரோட இனி இருக்க முடியாதுப்பா, வீட்டுக்கு வந்துடட்டுமா?” என்று கேட்டேன். பேச்சு மூச்சில்லாமல் போனை வைத்துவிட்டீர்கள். நம் வீட்டில் நீங்கள் ‘முடியாது’ என்று வாயால் சொன்னதே இல்லை. கல்லூரிச் சுற்றுலாவுக்குக் கேட்டபோதும், சித்தப்பா காரை இரவல் கேட்டபோதும் போனை வைத்ததுதான் பதில். இதுவும் புரிந்தது. தோழியின் அறையில் இருக்கிறேன். கவலை வேண்டாம்.

உங்கள் மகள்

மார்ச் 14

என் கண்ணே,

படித்து ஆடிப்போய்விட்டேன். அன்று நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் அடித்தளத்தில், பம்ப் அறையில் இருந்தேன். “அப்பா, ஒன்னு கேக்கணும்” என்றாய். அதற்குமேல் ஒரு சத்தமும் இல்லை. மேலே ஓடிவந்து கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. நான் போனை வைக்கிற ஆள்தான், மறுக்க வாயில்லை. ஆனால் இதற்கு வைக்கவில்லையம்மா.

நேராகப் போன் கடைக்குப் போனேன். “இது பத்து வருஷப் பழசு சார். சுவரைத் தாண்டி வர்ற அலைவரிசையை டவர்ல இப்பத்தான் போட்டிருக்காங்க, அதைப் பிடிக்க இதுக்குத் தெரியாது. புதுசுல நாலு ஆன்டெனா. நாலுலயும் வர்றதைச் சேத்துத் தெளிவாக்கிக்கும்” என்றார் கடைக்காரர். நான் நம்பவில்லை. புதுப் போன் வாங்கி, அதே சிம்மை அதில் போட்டு, பம்ப் அறைக்குத் திரும்பி மோட்டார் பக்கத்திலேயே நின்று அவரைக் கூப்பிட்டுப் பேசினேன். பத்து நிமிடம் கழித்து, “போதும் சார், கடையில ஆள் நிக்குது” என்று அவரே கெஞ்சினார்.

உன்னையும் அங்கிருந்தே கூப்பிட விரல் போனது. ஆனாலும் இந்தப் பதில் உன் கையில் எழுத்தாக இருக்கட்டும். வந்துவிடு. ஏன், எதற்கு என்று கேட்க மாட்டேன்.

அப்பா

மார்ச் 19

அப்பா,

சனிக்கிழமை காலை எட்டு மணி வண்டியில் வருகிறேன். இரண்டு பெட்டிகள்தான்.

கடிதத்தை ஆபீஸ் கழிப்பறையில் நின்று படித்தேன். இரண்டு மாதத்து அழுகையும் மொத்தமாக வந்துவிட்டது. மேலாளர் பயந்துபோய்க் கதவைத் தட்டினார். “ஒன்னுமில்ல மேடம், எங்கப்பா வரச் சொல்லிட்டார்” என்றேன்.

உங்கள் மகள்