லைட்டுக்கு அப்புறம்தான் ஹெவி

அன்பு மகள் வித்யாவுக்கு அம்மா எழுதுவது. நாமக்கல்லில் நாங்கள் நலம், அதாவது நான் நலம், உங்கப்பா விமானம் ஓட்டிக்கொண்டிருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற சாமியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கும்பிட்டுக்கொள்கிறேன். கால் வீக்கம் வற்றிவிட்டதா, கனடாக் குளிரில் காலுறை போடாமல் நடக்காதே. தினமும் போனில் பேசும்போது இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் மணி அடித்தாலே உங்கப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றி அவர் முகத்துக்கு நேராகவே எவ்வளவுதான் திட்டுவது, எனக்கும் வாய் வலிக்கிறது. அதனால் சுக்குப் பொடியும் குழந்தைக்குப் பழந்துணியும் வைத்த பார்சலுக்குள் இதையும் மடித்து வைக்கிறேன்.

மாப்பிள்ளை நல்ல மனசோடுதான் அந்த விமான விளையாட்டையும் அதை ஓட்டுகிற குச்சியையும் அனுப்பி வைத்தார், நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டிலேயே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகினால் மாமாவுக்குப் பயம் தெளிந்துவிடும், பிரசவத்துக்கு இரண்டு பேரும் கிளம்பி வந்துவிடலாம் என்று அவர் நினைத்தார். பயம் என்ற சொல்லை உங்கப்பா காதில் போட முடியுமா. கேஸ் டேங்கரை மழையில் மலை இறக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்தவனுக்குப் பயமா என்று மீசையைத் தடவிக்கொண்டார். சரி டிக்கெட் போடலாமா என்றால் மட்டும், லைட் ஓட்டாம எவனாச்சும் ஹெவி ஏறுவானா, ஆர்டிஓவே உடமாட்டானே என்கிறார். முதலில் கார் ஓட்ட லைட் லைசென்ஸ், அது கைக்கு வந்த பிறகுதான் லாரி ஓட்ட ஹெவி லைசென்ஸ் என்று ரோட்டில் இருக்கிற சட்டத்தைக் கொண்டுபோய் ஆகாயத்தில் மாட்டிவிட்டார். முதலில் சின்ன விமானம் பழகுவாராம், அது கைக்கு வந்த பிறகுதான் பெரிய விமானத்தில் கால் வைப்பாராம். நீங்க ஓட்டவா போறீங்க, டிக்கெட்டை வாங்கிட்டு உக்காந்துட்டு வரத்தானே போறீங்க என்று கேட்டேன். கிளீனரா ஏறுனாக்கூட வண்டியப் பத்தித் தெரிஞ்சிருக்கோணும் என்று பதில் வருகிறது. இந்த அறிவாளியோடு முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

அதோடு விட்டாரா. விளையாட்டோடு சேர்ந்து வந்த விமானம் பொம்மை மாதிரி இருக்கிறதாம். தனியாக வாங்கி உள்ளே சேர்த்துக்கொள்கிற விமானங்கள் உண்டு, அதற்கு ஆட்-ஆன் என்று பெயர் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற கோகுல்ராஜ் சொல்லிவிட்டான். உடனே இரண்டை வாங்கி ஏற்றியாயிற்று. இரண்டும் ஒரே விமானம்தான் சாமி, மூக்கில் காற்றாடி, தலைக்கு மேல் இறக்கை, நாலு பேர் உட்காரலாம், செய்து விற்கிற கம்பெனிதான் வேறு. எனக்குப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, பெயிண்டில் ஒன்று சிவப்புக் கோடு, இன்னொன்று நீலக் கோடு. உங்கப்பாவுக்கோ மூன்று வாரமாக எது நல்லது என்று முடிவுக்கு வர முடியவில்லை. ஒன்றில் இன்ஜின் சத்தம் நிஜம் போல இருக்கிறதாம், ஆனால் மீட்டர் மங்கலாம். இன்னொன்றில் மீட்டர் பளிச்சென்று இருக்கிறதாம், ஆனால் சீட்டு ஓரம் கிழிந்து கதவுப் பிடியில் பெயிண்ட் தேய்ந்திருக்கிறதாம். பழகின விமானம் மாதிரி தெரியட்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கோகுல்ராஜ் எடுத்துச் சொன்னான். அதெல்லாம் இல்லை, இது நன்றாக ஓடி அடிபட்ட செகண்ட்ஸ் வண்டி, நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று உங்கப்பா அவனிடம் சண்டை. இதற்கு நடுவில் புது வண்டி என்று பூஜை வேறு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், சக்கரமோ கண்ணாடிக்குள் இருக்கிறது, என்ன செய்வார், ஓட்டுகிற குச்சிக்கு அடியில் வைத்து நசுக்கினார். சாறு உள்ளே இறங்கிக் குச்சி நகராமல் ஒட்டிக்கொண்டது. எருமப்பட்டியிலிருந்து உன் அத்தை ராசம்மாள் எப்போது பயணம் என்று கேட்டால் இன்னும் விசா வரவில்லை என்று கூசாமல் சொல்கிறார். விசா குத்திய பாஸ்போர்ட் இரண்டும் பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது.

போன வெள்ளிக்கிழமை அந்தக் குச்சியைக் கழற்றித் துடைக்கக் கோகுல்ராஜ் வந்தான். உங்கப்பா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். இரண்டில் எது நல்லதென்று நீயாவது அடித்துச் சொல்லப்பா, நாங்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்றேன். அவன் கொஞ்ச நேரம் குச்சியையே துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்கம்மா, ஐயா ரெண்டையுமே இன்னும் ஒருக்காகூட மேல தூக்கலைங்க என்றான். எனக்கு விளங்கவில்லை. ஓமலூர் பக்கம் இருக்கிற நம் சேலம் ஏர்போர்ட்டை அதில் வைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தரையிலேயே ஓட்டுகிறாராம், திருப்புகிறாராம், மறுபடி ஓட்டுகிறாராம். பிரேக் எது நன்றாகப் பிடிக்கிறது, ஒடித்தால் எது சீக்கிரம் திரும்புகிறது, இதைத்தான் மூன்று வாரமாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். விமானத்தை வாங்கி லாரி ஓட்டியிருக்கிறார் உன் அப்பா.

மறுநாள் கதவோரம் நின்று நானே பார்த்தேன். வேகம் ஏறியது, மூக்கு லேசாகத் தூக்கியது, அவ்வளவுதான், இடது கை நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, கண்ணை மூடிக்கொண்டார், கால் தரையில் இல்லாத பிரேக்கைத் தேடியது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கழுத்தில் வேர்வை வழிவதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தது கோபம், மறைக்க மாட்டேன். பயப்படுவது குற்றமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, நீ போய்ப் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பேன். வாயைத் திறக்காமல் சிவப்புக் கோடா நீலக் கோடா என்று நாளை ஓட்டி, என் மகள் பெற்ற தாய் பக்கத்தில் இல்லாமல் வலி எடுத்துக் கிடக்கும்படி பண்ணியிருப்பாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை சேலம் போய் எனக்கு மட்டும் டிக்கெட் போட்டுவிட்டேன். ஆமாம் சாமி, தனியாகத்தான் வாரேன். சேலத்தைத் தாண்டித் தனியாகப் போனவள் இல்லை நான், இங்கிலீஷும் வராது. சக்கர நாற்காலி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அவர்களே தள்ளிக்கொண்டு போய் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்களாம். கால் நன்றாக இருக்கும்போது அதில் உட்கார வெட்கமாகத்தான் இருக்கிறது, உட்கார்ந்துகொள்வேன். உங்கப்பா சாப்பிடும்போது சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, பெங்களூர் ஏர்போர்ட் வாசல் வரைக்கும் நானே காரை ஓட்டிட்டு வாரேன், வேற டிரைவர் வேண்டாம் என்றார். கையைக் கழுவிவிட்டுப் போய் கார் டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார், பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

மாத்திரையை வேளை தவறாமல் போடு, கனமான எதையும் தூக்காதே, மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். நல்லபடியாகப் பெற்றெடுத்துத் தாயும் பிள்ளையும் நூறு வருஷம் தழைத்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பிள்ளை பிறந்ததும் முதல் போன் உங்கப்பாவுக்குத்தான் போட வேண்டும், அழுகைச் சத்தத்தை அவர் காதில்தான் முதலில் விட வேண்டும். ஏன்ப்பா வரவில்லை என்று நீ அவரைக் கேட்டுவிடாதே. அதைக் கேட்பதற்கு நான் ஒருத்தி இருக்கிறேன், அது போதும் அவருக்கு.

உன்னைப் பார்க்கவும் பிள்ளை வரவுக்கும் காத்திருக்கும்,
அம்மா
ம. பெரியநாயகி