பிச்சைமுத்து என்றே பதிய வேண்டி

அனுப்புநர்:
கி. ரோசரி,
க/பெ. கிளமென்ட்,
பாலக்கரை, திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
பிறப்புப் பதிவுப் பிரிவு,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: என் மகனுக்கு இட்ட பெயரைப் பதிய மறுத்தது – அப்பெயரையே பதிய வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மூன்றாவது குழந்தைக்குப் 'பிச்சைமுத்து' என்று பெயரிட்டுப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். "பையன் பெரியவனானா உங்களைத்தான் திட்டுவான். நல்ல பேரா வச்சுட்டு வாங்கம்மா" என்று கூறி, எழுத்தர் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார். அதன் ஓரத்தில் 'பிரின்ஸ்' என்று பென்சிலால் எழுதியும் உதவினார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை.

2. பிச்சை இழிவான சொல் என்பது அவர் கருத்து. நான் கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் இந்தி கற்பிக்கிறேன். இந்தியில் இச்சொல் 'பீக்'. அங்கே அதற்கு மரியாதை குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வடமொழிப் 'பிட்சை'க்குப் பங்கு பெற விரும்புவது என்பதே வேர்ப்பொருள் என்கிறது அகராதி. அதே வேரில் பிறந்தது பாலி மொழியின் 'பிக்கு'. இலங்கையில் பிக்கு ஒருவர் பேருந்தில் ஏறினால் முன் இருக்கை அவருக்குத்தான். ஸ்ரீரங்கத்தில் பூணூல் போடும் பையன் முதல் பிட்சையைத் தாயிடம் கேட்கிறான். அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டி வைக்கிறார்கள். உயிர்ப்பிச்சை, மடிப்பிச்சை என்று தமிழில் நாமே சொல்கிறோம். எழுத்தர் இவற்றில் தட்டேந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

3. எங்கள் வீட்டுக்கு இச்சொல் வந்த விதம் வேறு. இவனுக்கு முன் பிறந்த இரு குழந்தைகளும் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. இருவருடைய சான்றிதழிலும் பெயர்க் கட்டம் காலி. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைப் பிறரிடம் கொடுத்துவிட்டுப் பிச்சையாகக் கேட்டு வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அதன்படி இவனைப் பக்கத்து வீட்டு நஜீமா அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவர் வாசலில் முந்தானை ஏந்தி நின்றேன். "எம்புள்ளய ஒனக்குத் தரேன், நல்லா வச்சுக்க" என்று சொல்லி அவனை என் முந்தானையில் இட்டார். பங்குத் தந்தையும் மறு கேள்வி கேட்காமல் அப்பெயரைச் சொல்லியே ஞானஸ்நானம் கொடுத்தார்.

4. பெயர் ஒரு குழந்தையைக் காப்பாற்றாது என்பது நான் அறிந்ததே. ஆனால் வேறு பெயர் வைத்துச் சோதித்துப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை.

ஆகவே, 'பிச்சைமுத்து' என்ற பெயரையே பதிந்து சான்றிதழ் வழங்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுத்தர் சொன்னதுபோல் பெரியவனாகி அவன் என்னைத் திட்டினால் கேட்டுக்கொள்வேன். திட்டும் வயது வரை அவன் இருக்க வேண்டும், ஐயா.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 14.07.2025

இங்ஙனம்,
கி. ரோசரி