ராஹெலின் சுண்டெலி

ஹார்லெம்,
3 மார்ச் 1988

மதிப்புக்குரிய மார்யலைன் அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். ராஹெல் ஸ்பெய்ர் ஆய்வு மையத்தின் தலைவிக்கு என்ன குறைச்சல்? கருத்தரங்கு அழைப்பிதழ் கிடைத்தது. திரும்பிய இடமெல்லாம் 'நம் ராஹெல்' என்று போட்டிருக்கிறீர்கள். அவள் எனக்கு அக்கா. உங்களுக்கு எப்போது ஆனாள்?

நேற்று ரொட்டிக் கடைக்காரி கேட்டாள்: "போர்க்காலத்துல டைரி எழுதினாங்களே, அவங்க தங்கச்சியாமே நீங்க? நீங்களும் ஏதாச்சும் எழுதுவீங்களா?" "பால்காரனுக்குச் சீட்டு எழுதுவேன்" என்றேன். நாஜி முகாமுக்குப் போய்த் திரும்பாதவளை ஊரே கொண்டாடுகிறது. பிழைத்துக் கிடப்பவளை யார் கேட்கிறார்கள்? சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பொறாமைதான்.

டைரி அச்சானபோது பின்னால் இருந்த பெயர் அட்டவணையை மட்டும் பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர்கூட இருந்தார். நான் இல்லை. அன்று மூடியதை இன்னும் திறக்கவில்லை.

நானும் அவளும் இருக்கும் படத்தைக் கேட்டிருந்தீர்கள். யோசிக்கிறேன்.

டீனா


ஸ்வோல்லே,
9 மார்ச் 1988

அன்புள்ள டீனா அம்மா,

'நம்' என்று எழுதியது தப்புதான், பொறுத்துக்கொள்ளுங்கள். அவசியம் வாருங்கள். பேச்சு சுவையாக இருக்கும். ஒளிந்திருந்த பரணில் ராஹெல் ஒரு சுண்டெலியைப் பழக்கியிருக்கிறார். "சுண்டெலிக்குக் குளிருமே", "சுண்டெலி சாப்பிட்டுச்சோ இல்லையோ" என்று அதே கவலை. பிடிபட்ட அன்று எழுதிய கடைசி வரியும் அதற்குத்தான்: "வரேன் சுண்டெலி, சமத்தா இரு."

தனிமையில் ஒரு சிற்றுயிரிடம் காட்டிய பரிவு என்று நான்தான் கட்டுரை வாசிக்கிறேன். பல வருடமாக அந்த எலியோடுதான் குடித்தனம். என் கணவர் கேலி செய்கிறார்.

படத்தை மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
மார்யலைன்


ஹார்லெம்,
14 மார்ச் 1988

மார்யலைன்,

உன் கடிதம் வந்ததும் டைரியை எடுத்து முழுவதும் படித்தேன்.

உனக்குக் குழந்தை பிறந்தபோது வந்தவர்களுக்கு என்ன கொடுத்தாய்? ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, மேலே சோம்பு மிட்டாய் தூவித்தானே? அந்த மிட்டாயை நம் டச்சு மொழியில் என்னவென்று சொல்வோம்? சுண்டெலிகள். நான் பிறந்த அன்று ராஹெல் அதை வயிறு முட்டத் தின்றாளாம். அதற்குப் பிறகு அவள் என்னை டீனா என்று கூப்பிட்டதே இல்லை. "அடியே சுண்டெலி, கையைப் பாவாடையில தொடைக்காத" என்பாள்.

போர் நடந்தபோது என்னை ஃப்ரீஸ்லாந்தில் ஒரு பண்ணையில் வேறு பெயரில் ஒளித்து வைத்திருந்தார்கள். டைரி சிக்கினாலும் நான் சிக்கக் கூடாது. அதனால்தான் உன் அட்டவணையில் நான் இல்லை. அது புரியாமல் இத்தனை வருடம் அவளோடு கோபித்துக்கொண்டிருந்தேன்.

அவள் எலியைப் பழக்கினாளா? எலியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நின்று கத்துவாள்.

உன் கட்டுரையில் ஒரு எழுத்தையும் மாற்றாதே. உன் மையத்தில் எலி எலியாகவே இருக்கட்டும். படமும் தர மாட்டேன், அதில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மற்ற பக்கங்களையெல்லாம் ஊரோடு சேர்ந்து நீயே வைத்துக்கொள். அந்தக் கடைசி வரி எனக்கு எழுதியது.

யாரிடமும் சொல்லாதே. உனக்கு மட்டும் ஏன் சொன்னேன் தெரியுமா? இத்தனை நாள் எரிந்தது என் வயிறு. இனி உன்னுடையது எரியட்டும்.

இப்படிக்கு,
சுண்டெலி