முதுகு நேராக இருந்தது

புதன்கிழமை, நல்ல மழை.

இந்த மாதம் முழுக்கப் பயிற்சிப் பல் டாக்டர்களுக்கு நான் நடத்துவது ஒரே பாடம்தான்: நோயாளியைப் படுக்க வை, நீ குனியாதே. இன்று தொலைவிலுள்ள திக்லிபூரிலிருந்து பஸ்ஸில் வந்த பெரியவருக்குத் தாடை வீங்கியிருந்தது. பயிற்சி டாக்டர் கவிதா நாற்காலியைச் சாய்த்ததும் அலறினார்.

"அரே, சாய்க்காதீங்க டாக்டரம்மா, மூச்சு முட்டுது! உக்காந்திருந்தா பல்லு வராதா?"

"சார், நான் குனிஞ்சே பாத்துடறேன்" என்றாள் கவிதா.

"இப்படியே குனிஞ்சா நாப்பது வயசுல கழுத்துப் பட்டையோட நிப்பே. நாற்காலியைச் சாய்" என்றேன்.

மறுபடி சாய்த்தாள். பெரியவர் துண்டை உதறிக்கொண்டு இறங்கிவிட்டார். "நாளைக்கு வரேன்" என்றார். வருகிறவர் குரல் இல்லை அது.

கவிதா காலி நாற்காலிக்கு முன்னால் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தாள். "இப்ப சரியா சார்?" என்றாள். கிண்டல்தான்.

படுக்க முடியாதவரை நிமிர்த்தி உட்காரவைத்து, நாம் எழுந்து நின்று செய்யலாம். எனக்கு அது தெரியும். சொல்லித்தரவில்லை. இன்று நினைவுக்கும் வரவில்லை.

அந்த வீக்கம் கழுத்துக்கு இறங்கக் கூடாது; இறங்கினால் மூச்சையே அடைத்துவிடும். அவர் ஊர் திரும்பும் திக்லிபூர் பஸ் விடிவதற்கு முன்பே இங்கிருந்து கிளம்பிவிடும். பஸ் ஸ்டாண்டிலேயே அவரைப் பிடிக்க அலாரம் வைத்திருக்கிறேன்.