கேட்டுக்கு எதிரே பள்ளம்

நவம்பர் 10, திங்கள்
காலையிலருந்து தூறல். ரோடு வேலைக்குன்னு காலேஜ் மதிலை ஒட்டித் தோண்டின பள்ளம் இப்ப ஆள் உயரம். கேட் என் ஜெராக்ஸ் கடையிலருந்து நேரா தெரியுது, தாண்ட முடியாது. பின் கேட்டுக்கு ஏரிக்கரை வழி; ஜல்லி கொட்டி வெச்சிருக்காங்க, ஆட்டோ போகாது. நடந்தா இருபது நிமிஷம்.

டீக்கடை குமார் அண்ணன் தள்ளுவண்டியோட பின் கேட்டுக்கே போயிட்டாரு. "நீயும் வாம்மா நூரு." மெஷினைத் தள்ளிகினு போறதா?

எங்க வீட்டுக்காரரு அரக்கோணத்துலருந்து போன். "கடையை மூடிடலாமா?" நெட்வொர்க் சரியில்லன்னு வெச்சுட்டேன்.

வாங்கணும்: ஏ4, பல்ப், மழைக்கோட்டு.

நவம்பர் 11, செவ்வாய்
ஒரே ஆள்தான் வந்தது. தேவகி. பள்ளிப்பட்டு பொண்ணு, பி.காம். சின்ன வயசுல போலியோ, ஊன்றுகோல் வெச்சுதான் நடை. டிகிரிக்கு ஒரு அரியர் பேப்பர் பாக்கி, வியாழக்கிழமை பத்து மணிக்கு. ஹால் டிக்கெட் எடுத்துக் குடுத்தேன்.

பள்ளத்தையே பாத்துகினு இருந்தா.

"எப்பிடிக்கா போறது?"

"ஏரிக்கரை..."

"சேத்துல கோல் இறங்கிடும்க்கா. விட்டுடலாம்னு இருக்கேன். இது மூணாவது தடவை."

பிரின்ட்டை பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் குடுத்தேன்.

நவம்பர் 12, புதன்
காலேஜ் ஆபீஸ்ல போன்ல கேட்டேன். "ரோடு வேலை எங்க கையில இல்லம்மா." ரோடு வேலை சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். "எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்." நாளைக்கு பரீட்சை, எப்ப அனுப்பி எப்ப வர்றது!

ஜேசிபி ஓட்டுற வெங்கடேஷ் கேட்டுகினு இருந்தான் போல. தெலுங்குக்காரன். எனக்குப் பொறந்த வீடு நகரி, அவன் பாஷையிலயே சொன்னேன். "என்னி கண்டலகு அக்கா?" எத்தனை மணிக்குன்னு கேட்டான். பத்துன்னேன். தலையாட்டிட்டு வண்டி ஏறிட்டான். அவ்ளோதான்.

தேவகிக்கு போன் பண்ணி, வான்னு சொல்லிட்டேன். என்ன தைரியத்துலன்னு தெரியல.

நவம்பர் 13, வியாழன்
ஒன்பதே கால், தேவகி ஆட்டோல வந்துட்டா. பள்ளத்துல மழைத் தண்ணி. வெங்கடேஷ் ஒரு கனமான இரும்புத் தகடைச் சங்கிலில தூக்கிவந்து குறுக்கே இறக்கினான். சூப்பர்வைசர் கத்திகினே ஓடி வந்தாரு. "யாரைக் கேட்டு போட்ட?" வெங்கடேஷ் இறங்கி வந்தான். தகடு மேல நின்னு ரெண்டு தடவை குதிச்சுக் காட்டினான்.

"தூக்கிகினு போயிடவா?"ன்னாரு ஆட்டோக்காரர்.

"வேணாம். நானே போறேன்."

ரெண்டு அடி வெச்சா, ஈர இரும்புல கோல் வழுக்குது. ஓடிப்போய் கடைவாசல் சாக்கு, பேப்பர் கட்டு வந்த அட்டை எல்லாம் எடுத்தாந்து விரிச்சேன். திட்டிகினு இருந்த சூப்பர்வைசரே அந்தப் பக்கம் போய் கையை நீட்டினாரு. கையைப் பிடிக்கல அவ, ஆனா நீட்டின கையைப் பாத்துகினேதான் நடந்தா. வாட்ச்மேன் கேட்டைத் திறந்து வெச்சாரு. ஒன்பது நாப்பதுக்கு உள்ளே.

அல்ஹம்துலில்லாஹ். கடைக்குள்ள போய் அழுதேன்.

ஒரு மணிக்கு வந்தா. "அஞ்சு மார்க் கேள்வி ஒண்ணுதான்க்கா விட்டேன்." முகத்துல சிரிப்பு. அவ பின்னாலயே பசங்க வரிசையா தகடு மேல நடந்து கடைக்கு வந்தாங்க. மூணு மணிக்கு மெஷின் சூடாகி நின்னுபோச்சு. நிக்கட்டும்.

நவம்பர் 15, சனி
வெயில். வேலை முடிய இன்னும் பதினஞ்சு நாளாம். தகடு அதுவரைக்கும் இங்கயேதான் இருக்குமாம், ரெண்டு பக்கமும் கயிறு கட்டிட்டாங்க. சூப்பர்வைசர் சொன்னாரு, எழுதிக் குடுக்காமலே.

இவருகிட்ட நானே போன் பண்ணேன். கடையை மூடலன்னேன்.

மத்தியானம் தேவகி. தபால் வழியில எம்.காம் படிக்க ஃபாரம் வேணுமாம்.

"ரிசல்ட்டே வரலையேடி?"

"வரும்க்கா. நீங்க எடுங்க."

நெட் ஸ்லோ. திரையில சுத்துற வட்டத்தை ரெண்டு பேரும் பாத்துகினு உக்காந்திருந்தோம். ஃபாரம் திறந்துடுச்சு. மூணு பக்கம்.